வெள்ளை இல்லாத நாட்கள்

தாட்சாயிணி பூந்தமல்லியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். லேபில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டியவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். நூம்பலில் இருக்கிற வீட்டிலிருந்து காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டியைக் கிளப்பினால்தான் ஆறு மணிக்கு முதல் வீட்டின் மணியை அடிக்க முடியும். கொஞ்சம் பிந்தினாலும் போன் வந்துவிடும். "இன்னும் காபி கூட குடிக்கலம்மா" என்பார்கள். பதினோரு வருடமாக இதே ஓட்டம். எவ்வளவு மெல்லிய நரம்பாக இருந்தாலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். கை நடுங்காது.

அந்தக் கை நடுங்குகிற இடம் ஒன்றே ஒன்றுதான். தெருமுனையில், நஜீர் பாயின் கோழிக்கடைக்கு முன்னால்.

அங்கே இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்று செவலை நிறத்தில் ஒரு கிழட்டுப் பெட்டை; எந்நேரமும் படுத்தே கிடக்கும். இன்னொன்று வெள்ளை. இளவயசு, முதுகில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. அந்த வெள்ளைதான் தினமும் ஸ்கூட்டிக்குப் பின்னால் பாய்ந்து வரும். தாட்சாயிணி இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முனையைத் தாண்டுவாள். தாண்டி நூறடி போன பிறகுதான் மூச்சு வெளியே வரும். கணவன் தினேஷிடம் சொன்னால் சிரிப்பான்.

"நீ பயப்படுறது அதுக்குத் தெரியுது. மெதுவாப் போ, ஒண்ணும் பண்ணாது."

அவன் ஒன்பது மணிக்கு மேல் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குக் கிளம்புகிறவன். அந்த நேரத்தில் வெள்ளை வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அவனை அது ஒரு நாளும் துரத்தியதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் செவலை நடுரோட்டிலேயே உட்கார்ந்திருந்தது. வண்டி வெளிச்சம் மேலே விழுந்தும் நகரவில்லை. தாட்சாயிணி பிரேக் பிடித்து ஒடிப்பதற்குள் பக்கவாட்டிலிருந்து வெள்ளை பாய்ந்தது. வண்டி சரிந்தது. அவள் ஜல்லியில் முட்டி தேய விழுந்தாள். முகத்துக்கு நேரே குரைப்பு, சூடான மூச்சு. பிறகு அது தானாகவே விலகி செவலையிடம் திரும்பிப் போனது.

எழுந்து பேண்ட்டை உயர்த்திப் பார்த்தாள். கெண்டைக்காலில் இரண்டு கோடுகள். ரத்தம் வரவில்லை. தோல் மட்டும் உரிந்து சிவந்திருந்தது. பல்லா, நகமா, ரோட்டு ஜல்லியா என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, குழாயடியில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். லேபுக்குப் போன் செய்து வேறு ஆளை அனுப்பச் சொன்னாள். அரசு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்றாள். நிற்க நிற்கக் கோபம் ஏறியது. போனை எடுத்து நகராட்சிப் புகார் எண்ணுக்கு அடித்தாள்.

"நாய் கடிச்சிடுச்சாம்மா?" என்று கேட்டது மறுமுனைக் குரல்.

கடித்தது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. "தொரத்துதுங்க. தினமும் தொரத்துது. புடிச்சிகிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

அரை மணி நேரம் கழித்து உள்ளே போனாள். காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டர் ஊசிக்கு எழுதினார்.

"நாலு ஊசி. இன்னிக்கு, மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். உங்க தெரு நாய்தானே?"

"ஆமா சார்."

"அப்ப நல்லது. பத்து நாள் அதைக் கவனிங்க. பத்து நாள் கழிச்சும் அது நல்லா சாப்பிட்டு ஓடிக்கிட்டு இருந்தா, அதுக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். எப்படி இருந்தாலும் ஊசியை மட்டும் விட்டுடாதீங்க."

ஊசி காப்பாற்றும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் மனதில் நின்றது பத்து நாள் என்பது மட்டும்தான். புகாரைத் திரும்பப் பெறலாமா என்று யோசித்தாள். சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டாள். நம் தெருவுக்கு எந்த வண்டி சொன்னவுடனே வந்திருக்கிறது?

புதன்கிழமையே வந்துவிட்டது.

பத்தரை மணிக்கு அவள் திரும்பியபோது முனையில் வெள்ளை இல்லை. நஜீர் பாய் கடை வாசலில் தண்ணீர் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, ஒல்லி, கைலிக்கு மேல் ரப்பர் ஏப்ரன்.

"நாய் வண்டி வந்துச்சும்மா. வெள்ளையை வலை போட்டுத் தூக்கிக்கினு போயிட்டானுங்க. செவலை லாரி அடியில பூந்துக்கிச்சு, அதனால தப்பிச்சுது. எவனோ கம்ப்ளெயின்ட் குட்த்துகீறான்."

"ஓ" என்றாள். வண்டியை நிறுத்தாமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்துதான் தண்ணீர் குடித்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. வெறி பிடித்தால் தண்ணீரைக் கண்டால் பயம் வரும் என்று அவள் கேட்டிருந்தாள். டம்ளரில் தண்ணீர் எடுத்து முதலில் உற்றுப் பார்ப்பாள். பயமாக இருக்கிறதா? இல்லை. ஒரு மடக்கு குடிப்பாள். தொண்டையில் இறங்குகிறதா? இறங்கியது. சற்று நேரம் கழித்து மறுபடியும். நோயாளி வீட்டில் ரத்தம் எடுத்து முடித்ததும் கேட்பாள், "கொஞ்சம் தண்ணி குடுக்கிறீங்களா?" ஒரு வீட்டம்மா, "உனக்குத்தான் சுகர் இருக்கும் போல, முதல்ல உனக்குப் பாத்துக்கோ" என்று சிரித்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் தினேஷ். "நாலு நாள்ல எவனுக்கும் வராது."

"நாய் எங்க இருக்குன்னே தெரியலையே. பத்து நாள் எப்படிப் பாக்கிறது?"

"நீதானே தூக்கச் சொன்ன?"

அவள் எழுந்து போய் இன்னொரு டம்ளர் தண்ணீர் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முனைக்கு வந்தபோது, துரத்த யாரும் இல்லாத ரோட்டில் மெதுவாகவே வந்தாள். கடை ஷட்டருக்குப் பக்கத்தில் செவலை நின்றுகொண்டிருந்தது. நடந்த நடை சரியில்லை. நாலடி வைத்து ஷட்டரில் முட்டியது. திரும்பி இரண்டடி வைத்து, நின்றிருந்த தள்ளுவண்டியில் முட்டியது. முகத்தைத் தரையில் தேய்த்தது. கண் இருக்கும் இடத்தில் மஞ்சளாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது.

தாட்சாயிணி வண்டியை நிறுத்தினாள். தள்ளாடுகிறது, முட்டுகிறது, முகம் கோணி இருக்கிறது. இதற்கு வெறிதான். அப்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தினமும் காலை வண்டி வெளிச்சத்தில் அவள் பார்த்திருக்கிறாள்: வெள்ளை செவலையின் முகத்தோடு முகம் வைத்து நக்கிக்கொண்டிருக்கும். கண், மூக்கு, வாய் எல்லாம் நக்கும். அப்படியென்றால் இதற்கு இருப்பது அதற்கும் இருக்கும். அதற்கு இருந்தால்...

 அன்று ரத்தம் எடுக்கும்போது ஒருவருக்கு இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று.

வேலை முடிந்ததும் நேரே கோழிக்கடைக்கு வந்தாள். கடைக்குள் காலை வைக்காமல், ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"பாய், அந்தச் செவலைக்கு வெறி புடிச்சிருக்கா?"

நஜீர் பாய் கத்தியைக் கீழே வைத்தார். "யார்மா சொன்னது?"

"தள்ளாடுது. செவுத்துல முட்டுது."

"அதுக்குக் கண்ணு தெரியாதும்மா. ரெண்டு வருசமா அப்பிடித்தான் கீது. கண்ணு ரெண்டும் பீளை கட்டி ஒட்டிக்கும். வெள்ளைதான் கார்த்தால எழுந்ததும் மொத வேலையா நக்கி நக்கித் தொறந்து உடும். அரை மணி நேரம் ஆவும். அதுக்குள்ள யார்னா வண்டி ஓட்டிக்கினு கிட்ட வந்தா பாய்ஞ்சிடும். மத்த நேரத்துல அதுபாட்டுக்குக் கெடக்கும், யார் வம்புக்கும் போவாது."

"எத்தனை மணிக்கு?"

"நான் கடைக்கு லோடு எறக்க சீக்கிரமா வர்ற நாள்ல பாத்துகீறேன். அஞ்சு, அஞ்சரை."

 ஐந்தரை மணிக்கு அந்த முனையைத் தாண்டுகிற வண்டி அவளுடையது ஒன்றுதான்.

"இப்ப நக்க ஆளில்ல" என்றார் பாய். "நேத்திலேர்ந்து சோறும் துன்னல. வண்டியில கிண்டியில அடிபட்டுச் செத்தா நல்லா கீதாம்மா?"

மறுநாள் சனிக்கிழமை. மதியம் நஜீர் பாயின் மைத்துனன் அஜ்மல் குட்டியானை சரக்கு வண்டியை எடுத்து வந்தான். காலியான கோழிக் கூண்டு ஒன்றில் சாக்கை விரித்து, செவலையை அதில் ஏற்றி, பூந்தமல்லியில் இருந்த கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். தாட்சாயிணி ஸ்கூட்டியில் பின்னாலேயே போனாள். இந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அஜ்மல் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

மருந்தகத்தில் இருந்தவர் டாக்டர் ஜெயப்பிரியா. முப்பது வயதுதான் இருக்கும். செவலையின் தாடையைப் பிடித்து இமையை விலக்கிப் பார்த்தார். சின்னக் காகிதத் துண்டு ஒன்றைக் கண்ணோரத்தில் சொருகிச் சிறிது நேரம் வைத்திருந்து எடுத்தார். காகிதம் நனையவே இல்லை.

"கண்ணீர் சுரக்கிறது நின்னு போச்சு. அதனாலதான் கண்ணு காஞ்சு, பீளை கட்டி ஒட்டிக்குது."

"வெறி இல்லையே டாக்டர்?" என்றாள் தாட்சாயிணி.

"இல்லைங்க. பாருங்க, மூஞ்சியைக் கையில குடுத்துட்டு நிக்குது. தண்ணி வெச்சோம், குடிச்சுதே."

"கூட இருந்த வெள்ளை நாய் இது மூஞ்சியை நக்கிக்கிட்டே இருக்கும். அதுக்கு?"

"அதை நான் பார்க்கலையே. பார்க்காம எப்படிச் சொல்றது?" டாக்டர் பஞ்சை நனைத்துப் பீளையை ஒற்றி எடுத்தபடியே பேசினார். "ஆனா ஒண்ணு. அந்த நாய்தான் இந்தக் கண்ணை இத்தனை நாள் காப்பாத்தியிருக்கு. எச்சில் ஒண்ணும் மருந்து இல்லை. ஆனா ஈரம் பட்டுக்கிட்டே இருந்திருக்கு, பீளை சேராம போயிருக்கு. மூணு நாள் நின்னதும் இடது கண்ணுல புண் விழுந்துடுச்சு. வலது கண்ணு பரவாயில்லை, நிழல் மாதிரி தெரியும்."

"இன்னா டாக்டர், பாசத்துலதான நக்குது?" என்று கேட்டார் நஜீர் பாய்.

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்தார். "பாசம்னும் சொல்லலாம். குட்டி பொறந்ததும் அம்மா நக்கித்தான் அதுக்கு மூச்சு வருது. அந்தப் பழக்கம் பெரிசானாலும் போறதில்லை. சீழ் வாடை இழுத்தாலும் நக்கும், உப்புக்காகவும் நக்கும். ஆனா நக்குறதை விட, நக்க விடுறது பெரிய விஷயம். ஒரு நாய் இன்னொரு நாயோட பல்லுக்குப் பக்கத்துல தன் கண்ணைக் கொண்டுபோய் வைக்குதுன்னா, எவ்வளவு நம்பிக்கை இருக்கணும்?"

சொட்டு மருந்தும் களிம்பும் கொடுத்தார். செவலைக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டார். காலையிலும் சாயங்காலமும் ஆறவைத்த வெந்நீரில் பஞ்சு நனைத்துத் துடைக்க வேண்டும், பிறகு மருந்து. ஒரு வேளை தவறினாலும் இடது கண் போய்விடும் என்றார். "யார் பண்ணுவீங்க?"

நஜீர் பாய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகள்.

"நான் பண்றேன்" என்று சொன்ன பிறகுதான் தாட்சாயிணிக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கடை வாசலில் குந்தினாள். நஜீர் பாய் செவலையின் வாயைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

"பாய், உங்க மார்க்கத்துல நாயைத் தொடலாமா?"

"தொட்டா கழுவிக்கணும். அவ்ளோதான? கோழிக்கடைக்காரன் ஒரு நாளிக்கு எத்தினி தபா கை கழுவுறான்னு உனக்கு இன்னா தெரியும்? நீ மருந்தைப் போடு."

முதல் தடவை பஞ்சு அவள் விரலிலிருந்து விழுந்துவிட்டது. செவலை உறுமியது. அவள் பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு, அழுகிற குழந்தைக்கு நரம்பு தேடும்போது செய்வதைப் போல, முகத்தைப் பார்க்காமல் துடைக்க வேண்டிய இடத்தை மட்டும் பார்த்தாள். காய்ந்த பீளை மெல்ல மெல்ல இளகி வந்தது. உள்ளே மங்கலான பழுப்புக் கண் ஒன்று திறந்து, அவள் இருந்த திசையில் எதையோ தேடியது.

அது தேடுவது தன்னை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு, அங்கிருந்தே பிடித்த நாய்களைக் கொண்டுபோகிற ஆவடிப் பக்கத்து நாய்க் கருத்தடை மையத்தைத் தேடிப் போனாள். தகரக் கூரை, வரிசையாகக் கூண்டுகள், ஒரே குரைப்புச் சத்தம். ஏகாம்பரம் என்ற ஊழியர் பதிவேட்டைப் புரட்டினார்.

"நூம்பல்... புதன்கிழமை தூக்கினது... வெள்ளை, முதுகுல கறுப்பு. ஆபரேசன் முடிஞ்சு, ஊசி போட்டு, இன்னிக்குக் கார்த்தாலதாம்மா உட்டாங்க."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இல்லாம உடுவாங்களா? நீ யாரு, வளக்கிறவளா?" அவர் விரல் பதிவேட்டில் ஓரிடத்தில் நின்றது. "உன் போன் நம்பர் சொல்லு."

சொன்னாள்.

"அடேங்கப்பா. கம்ப்ளெயின்ட் குட்த்தது நீதானா? தூக்கினு போனு நீதான் சொல்ற, திருப்பிக் குடுன்னு நீதான் வந்து நிக்கிற. நாங்க இன்னாதான் பண்றது?"

"அது என் கால்ல கீறிடுச்சுங்க. பத்து நாள் பாக்கச் சொன்னாங்க."

ஏகாம்பரத்தின் முகம் மாறியது. "கடிச்சதுன்னு சொல்லியிருந்தா இங்கியே பத்து நாள் வெச்சுப் பாத்திருப்பாங்களேம்மா. தொந்தரவுன்னுதான எழுதிக்கீது."

அவர் வண்டி ஓட்டுநருக்குப் போன் போட்டார். பேசப் பேச அவர் குரல் தாழ்ந்தது. வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"புது டிரைவரு. தூக்கின இடத்திலதான் உடணும். இவனுக்கு ஊர் தெரியல. வேலப்பன்சாவடியில பெரிய ரோட்டுக்கு அந்தாண்ட உட்டேன்றான்."

பெரிய ரோடு என்றால் நிற்காமல் லாரி ஓடுகிற ரோடு. அதைத் தாண்டினால்தான் நூம்பல். தாட்சாயிணி அங்கிருந்து வேலப்பன்சாவடிக்கு ஓட்டிய வேகத்தில் இரண்டு சிக்னல்களை அவள் கவனிக்கவே இல்லை. சர்வீஸ் ரோடு முழுக்க இரண்டு முறை போய் வந்தாள். டீக்கடை, பஞ்சர் கடை, பேருந்து நிறுத்தம், எல்லா இடத்திலும் கேட்டாள். "வெள்ளை நாயா? ஊர்ல பாதி வெள்ளை நாய்தாம்மா."

செவ்வாயும் புதனும் அதே தேடல்தான். காலையில் செவலைக்கு மருந்து, பிறகு ரத்தம் எடுக்கும் ஓட்டம், அது முடிந்ததும் வெள்ளை. புதன்கிழமை ரோட்டோரம் ஒரு நாய் செத்துக் கிடந்தது. தூரத்திலிருந்து பார்க்க வெளுப்பாகத் தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நடந்தாள்.  கிட்டே போனதும் தெரிந்தது, சாம்பல் நிறம். வேறு நாய். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. உடனே அந்த நிம்மதியை நினைத்துக் கூச்சமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் தினேஷ் வேலையிலிருந்து நேரே வேலப்பன்சாவடிக்கு வந்து நின்றான். ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. "நீ இந்தப் பக்கம் போ, நான் அந்தப் பக்கம் பாக்கிறேன்" என்றான். இருட்டும்வரை தேடிவிட்டு இருவரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

வியாழக்கிழமை, பத்தாம் நாள். பதினோரு மணிக்கு நஜீர் பாய் போன் செய்தார்.

"யம்மா, அஜ்மல் குமணன்சாவடியாண்ட பாத்தானாம். மெட்ரோ தூணுக்குக் கீழ. காது வெட்டிக்கீது, முதுகுல கறுப்பு கீதுன்றான். வா, போலாம்."

குட்டியானையின் முன் சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். அஜ்மல் ஓட்டினான். கரையான்சாவடி தாண்டியதும் தாட்சாயிணியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"பாய், கம்ப்ளெயின்ட் பண்ணது நான்தான்."

நஜீர் பாய் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அஜ்மல் கியரை மாற்றினான்.

"கால்ல கீறிடுச்சு. பயந்துட்டேன்."

"தெனிக்கும் கடையாண்டதான போற வர்ற?" என்றார் அவர் கடைசியில். "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா, அந்த நேரத்துக்குப் புடிச்சுக் கட்டிப் போட்டிருப்பேனே. எட்டு நாளா எம் மூஞ்சியப் பாத்துப் பேசிக்கினு இருக்கியே."

 திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளை ஒரு தூணின் அடியில், தகரத் தடுப்புக்குப் பின்னால் படுத்திருந்தது. விலா எலும்பு எண்ணும்படி இளைத்திருந்தது. கருத்தடை செய்த அடையாளத்துக்காக வெட்டிய இடது காதின் நுனி ஆறியிருந்தது. வலது காதை வேறு நாய்கள் கிழித்திருந்தன. அது எழுந்தபோது தாட்சாயிணி அதன் கால்களையே பார்த்தாள். நிற்கிறது. தள்ளாடவில்லை. வாயில் நுரை இல்லை. நஜீர் பாய் கையிலிருந்த கோழிக் கழுத்தை நீட்டி, "வெள்ளே, டேய்" என்றார். அது வாலைத் தாழ்த்தி ஆட்டிக்கொண்டே வந்து, கழுத்தைக் கடித்து விழுங்கியது. பாய் புட்டியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றிய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் நக்கிக் குடித்தது. பிறகு அவளைப் பார்த்து உறுமியது.

"உறுமட்டும்" என்றாள் தாட்சாயிணி. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நல்லா உறுமட்டும்."

ஆனால் அன்றைய கவலை அதோடு முடியவில்லை. கடை வாசலில் கூண்டைத் திறந்ததும் வெள்ளை நேரே செவலையிடம் ஓடியது. செவலை மூக்கை நீட்டி ஒரு தடவை மோந்தது. மறு நொடி பல்லைக் காட்டிக்கொண்டு கடிக்கப் பாய்ந்தது. வெள்ளை ஒடுங்கிப் பின்வாங்கியது. மறுபடியும் போனது. மறுபடியும் கடி. மூன்றாவது தடவை போகாமல், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

தாட்சாயிணி டாக்டர் ஜெயப்பிரியாவுக்குப் போன் செய்தாள்.

"மருந்து வாடை, கூண்டு வாடை, வேற நாய்ங்க வாடை" என்றார் டாக்டர். "அதுக்குக் கண்ணு தெரியாதில்ல? மூக்கு சொல்றதைத்தான் நம்பும். புது நாய்னு நினைக்குது. பழைய வாடை திரும்பட்டும், நீங்க நடுவுல போகாதீங்க."

"திரும்பலைன்னா?"

"அதை நான் எப்படிங்க சொல்ல முடியும்?"

வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. தாட்சாயிணி காலையிலும் மாலையிலும் வந்து செவலைக்கு மருந்து போட்டாள். நஜீர் பாய் வாயைப் பிடித்துக்கொண்டார். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை முடிந்ததும் போய்க் கையைக் கழுவினார். உறவு ஒன்றை வெட்டிவிட்டுத் திரும்ப ஒட்ட வைக்க அலைகிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. அது நாய்களைப் பற்றி மட்டும் தோன்றியது இல்லை.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவள் ஸ்கூட்டியை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தாள். முனை திரும்பும்போது நஜீர் பாய் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

வெள்ளை தரையோடு தரையாக வயிற்றைத் தேய்த்துக்கொண்டு செவலையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. காது இரண்டும் பின்னால் படிந்திருந்தன. கிட்டே போய், கழுத்தை மட்டும் நீட்டி, செவலையின் வாயோரத்தை ஒரே ஒரு தடவை நக்கியது. செவலை உறுமியது. வெள்ளை அசையவில்லை. மறுபடியும் வாயோரம். உறுமல் தேய்ந்து நின்றது. செவலை மூக்கை வெள்ளையின் கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் வைத்து நெடுநேரம் மோந்தது. கடைசியில் கிழிந்த வலது காதைக் கண்டுபிடித்தது. அதை நக்க ஆரம்பித்தது.

நக்கக் கொடுத்தே பழகிய கிழட்டு நாய், இப்போது குருட்டுத்தனமாகத் தடவித் தடவி, இளையதின் காதை நக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை கண்ணை மூடிக்கொண்டது.

"அல்லாவே" என்றார் நஜீர் பாய் மெதுவாக. பிறகு அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "டீ சொல்லியிருக்கேன். உனக்கும்தான்."

டீ வருவதற்குள் வெள்ளை செவலையின் கண்ணுக்கு வந்துவிட்டது. தாட்சாயிணிக்குப் பதற்றமானது. களிம்பு போட்டால் அதையும் நக்கிவிடுமே? டாக்டருக்குப் போன் போட அது நேரமில்லை. தானே யோசித்தாள். முதலில் அது நக்கித் துடைக்கட்டும். அதன் பிறகு வெந்நீர்ப் பஞ்சு, பிறகு மருந்து. மருந்து உள்ளே இறங்கும்வரை பத்து நிமிடம் வெள்ளையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படித்தான் இன்றுவரை நடக்கிறது. இடது கண்ணில் வெள்ளையாக வடு விழுந்துவிட்டது. அதில் இனிப் பார்வை இல்லை. வலது கண் பரவாயில்லை. இரண்டு வீட்டுக்காரர்களிடம் சொல்லி அவள் தன் முதல் வீட்டு நேரத்தை ஆறே காலுக்கு மாற்றிக்கொண்டாள்.

நாயென்றால் அவளுக்கு இன்னும் பயம்தான். வேறு தெருவில் நாய் குரைத்தால் இன்னும் காலைத் தூக்கிக்கொள்கிறாள். இங்கே மட்டும், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கோழிக்கடை வாசலில் குந்தி, வெள்ளையின் கழுத்தில் கட்டிய பழைய துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போனில் நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது திமிறும். செவலையைப் பார்த்து முனகும். அதன் உடம்பு முழுவதும் அவள் கைக்குள் துடிக்கும்.

"இருடா, இரு" என்பாள். "இன்னும் மூணு நிமிசம்."